சவரிமுத்து சார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பன்னிரண்டு தாள்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், களையெடுக்க ஆள் விட்டிருந்தேன். போன் வந்தது. எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர் ஏழுமலை பேசினார். "அக்கா, சவரிமுத்து சார் தவறிட்டாருக்கா. பாண்டி ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிபோச்சு" என்றார். ஐயோ என்று என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "அந்த சர்டிபிகேட் புக்கு உங்ககிட்டதானே இருக்குது? பத்திரமா வச்சிருங்க. சாயங்காலமா வந்து வாங்கிக்கறேன்."

சாரின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்களாம். அவரோடு எட்டு வருஷம் வகுப்பில் கூடமாட நின்றவள் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க செல்வியம்மா" என்று கேட்டார்கள். சாரைப் பற்றி நல்லதாக நாற்பது வார்த்தை கூட எழுதுவேன். சங்கத்துக்காரர்களே, உங்களைப் பற்றி நல்லதாக எழுத வராது. வயிறு எரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சவரிமுத்து சார் போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மரக்காணத்துக்கே வந்து கோயிலுக்குப் பின்னால் வீடு கட்டிக்கொண்டார். உப்பளத்துக்கு மேற்கே எங்கள் கொல்லைகள். சுற்றிலும் வேலிக்காத்தான் புதர். அதில் காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒரு ராத்திரி இறங்கினால் ஒரு ஏக்கர் மல்லாட்டை காலி. அவற்றை விரட்டுவதற்காக எங்களில் சிலருக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசாங்க உரிமம் உண்டு. ஊரில் இன்னும் அதை வேட்டை லைசென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே சாருக்கு ஆகாது. "எவன்டா இங்க வேட்டைக்குப் போறது? வேட்டையாடினா ஜெயிலு. வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டு விரட்டறதுக்குத்தான் உங்கிட்ட அதைக் கொடுத்திருக்கான்" என்பார்.

உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று வைக்க வேண்டும். அதைக் கொடுக்கச் சாருக்கு அதிகாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுத் தோப்பில் மூன்று மணி நேரம் வகுப்பு. ஒரு ரூபாய் வாங்க மாட்டார்.

என் கணவர் இறந்த பிறகு உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு முதல் முறையாகப் போனேன். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து எதிரே இருந்த தென்னையைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். பின்னாலிருந்து "செல்வி!" என்று கூப்பிட்டார். "இன்னா சார்?" என்று திரும்பினேன். என்னோடு துப்பாக்கியும் திரும்பி, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றுக்கு நேராக ஒரு சுற்று வந்தது. "போச்சு, ஆறு பேரைக் கொன்னுட்ட" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "டேய், செத்தவன் சிரிக்கக் கூடாது. வாயை மூடு" என்று அவர்கள் பக்கம் பாய்ந்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கூப்பிட்டா நீ மட்டும் திரும்பும்மா. துப்பாக்கிக்குக் காது கிடையாது, அது எதுக்குத் திரும்பணும்?" அன்று எனக்குச் சான்று தரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய்த்தான் வாங்கினேன்.

செலவைப் பற்றி நீங்கள் புலம்பாத நாள் கிடையாது. உரிமத்துக்குக் கட்டணம், டாக்டர் சான்று, போட்டோ, ஆபீசுக்கு நாலு நடை, நாலு நாள் வேலை கெட்டது. எல்லாம் உண்மைதான். நானும் அலைந்திருக்கிறேன். சாரே அந்த அலைச்சலைப் பற்றி அதிகாரிகளுக்கு மனு எழுதிப் போட்டவர்தான். ஆனால் அத்தனை செலவிலும் சும்மா கிடைத்தது அவருடைய வகுப்பு ஒன்றுதான். நீங்கள் என்ன செய்தீர்கள்? வெளியூரில் எவனோ ஒருத்தன் வகுப்பே இல்லாமல் சான்று விற்கிறான் என்று தெரிந்ததும் அவனிடம் காசைக் கொண்டுபோய்க் கொட்டினீர்கள். மூன்று மணி நேரம் உட்காராமல் இருப்பதற்காக இரண்டு நாள் கூலியை எடுத்துக் கொடுத்தீர்கள். கேட்டால், "அதே பாடத்தை எத்தினி தடவைக்கா கேக்கறது?" என்பீர்கள். இதே கேள்வியைச் சாரிடமும் ஒருத்தர் கேட்டார். "உப்புக்காத்து மட்டும் அதே இரும்பைத்தானேடா ஒவ்வொரு தடவையும் தின்னுது? அது அலுத்துக்குதா?" என்றார் சார்.

நம் சங்கத்துத் தேவராசு விஷயத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்துக் காற்றில், குழல் வாய் வழியாகப் போட்டு இடித்த வெடிமருந்து சீக்கிரம் நமத்துப்போகும். விசையை அழுத்தினால் புஸ் என்று அடங்கிவிடும். உடனே நம் ஆட்கள், போன மருந்து போகட்டும் என்று அதன் மேலேயே இன்னொரு முறை மருந்தைப் போட்டு இடிப்பார்கள். அது உள்ளேயேதான் இருக்கிறது என்ற நினைப்பே இருக்காது. இதற்காகத்தான் சார் வகுப்புக்கு வந்த ஒவ்வொருத்தர் இடிகோலிலும் காலிக் குழலின் ஆழத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். மருந்து போடுவதற்கு முன் கோலைக் குழலுக்குள் விட வேண்டும். கோடு வெளியே தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறது. இவ்வளவுதான் பாடம். தேவராசுவுக்கு இது தெரியாது, ஏனென்றால் அவன் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய சான்று. குழல் வெடித்து இடது கையில் மூன்று விரல் போனது.

நானும் சாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைச் சார் கண்டபடி திட்டினார். அவன் பெண்சாதி எழுந்து வந்து, "வலியில துடிக்கிற மனுஷனை வந்து திட்டறியே, நீயெல்லாம் ஒரு பெரிய மனுஷனா?" என்று கத்தினாள். சார் வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. "நான் அவனைத் திட்டலைம்மா, என்னைத்தான் திட்டிக்கிட்டேன். அவன் கிளாசுக்கு வரலைன்னு தெரியும். வீட்டுக்குப் போய்க் காதைப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்திருக்கணும்" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின நாள் அவர் வீடு வீடாக நடந்தார். அந்த வயசில், அந்த வெயிலில். நீங்கள் என்னென்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் கூடப் போயிருக்கிறேன். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார், காய்ச்சல். ஏழுமலை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதை நானும் சாரும் ரோட்டிலிருந்து பார்த்தோம். சட்டை தெரிந்தது. "அடுத்த வீடு யாருது?" என்று கேட்டார் சார்.

இந்த முறை பன்னிரண்டு பேருக்கு உரிமம் முடிவதாக இருந்தது. அதில் நானும் ஒருத்தி. வெளியூர்க்காரன் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டதால் பக்கத்தில் சாரை விட்டால் உங்களுக்கு வேறு வழியில்லை. அப்படியும் முதல் ஞாயிறு வகுப்புக்கு வந்தது என்னோடு சேர்த்து நான்கு பேர். மீதிப் பேரை அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். புதன்கிழமை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோ வாசலில் நிற்க, என்னை வரச் சொல்லிச் சர்டிபிகேட் புத்தகத்திலிருந்த பன்னிரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை நீ கிளாஸ் எடு. உக்காந்து கத்துக்கிட்டுச் சரியா செய்யறவன் பேரை மட்டும் எழுது" என்றார். "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடலாமா சார்?" என்று கேட்டேன். "தப்புதான். தேதி முடியப் போவுதே, இவனுங்க பன்னிகிட்ட மாட்டிக்குவானுங்களே, என்ன பண்ணச் சொல்ற?" என்றார். ஓடி ஒளிந்தவர்களுக்காக, வாழ்நாளில் செய்யாத தப்பைச் செய்துவிட்டுப் போனார். அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழுமலை மூன்று பேரோடு வந்தார். சாரின் உடம்பு இன்னும் பாண்டியிலிருந்து வந்து சேரவில்லை. "போன ஞாயித்துக்கிழமை தேதியைப் போட்டு எல்லார் பேரையும் எழுதிடுங்கக்கா. சார் உசுரோட இருந்தப்போ நடந்த கிளாஸ்தானே?" என்றார்.

"அந்தக் கிளாசுக்கு நீ வந்தியா?"

"நான் வரலை. ஆனா சாருக்கு என்னைத் தெரியுமில்ல?"

கூட வந்தவர்களில் ஒருத்தர், "தேதி தாண்டிட்டா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். விழுப்புரம் போய் வேற ஆள்கிட்டப் பணம் கட்டிக் கத்துக்கிட்டு வரணும். அதுக்குள்ள பன்னி வந்தா நீயா வந்து நிப்ப? உன் கொல்லையும்தானேம்மா போவும்?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போனதும் நான் பேனாவை எடுத்தேன். முதல் தாளில் என் பெயரை எழுதினேன். காய் பிடிக்கப்போகிற நேரம், கொல்லையை நினைத்தால் பயமாக இருந்தது. எட்டு வருஷம் கூட நின்றவளுக்கு இதுகூடக் கிடையாதா என்று தோன்றியது. உரிம எண்ணைப் பார்த்து எழுதலாம் என்று, புத்தகத்தோடு சார் கொடுத்திருந்த வகுப்பு நோட்டைப் பிரித்தேன். அந்த ஞாயிறு வந்த நான்கு பேருமே தேறவில்லை. என் பெயருக்கு நேரே சார் எழுதியிருந்தார்: "மல்லாட்டை வியாபாரி போன் பண்ணியதும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். தேறவில்லை. மறுபடி வரவும்."

தேறாதவள் என்று எழுதிவிட்டு, மூன்று நாள் கழித்து என்னை நம்பி அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சார் போன பிறகு அவர் கையெழுத்துக்கு மேலே நான் யார் பெயரை எழுதினாலும் பொய்தான். என் பெயர் எழுதிய தாளிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டிலும் குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதினேன். மறுநாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து ஏழுமலையிடம் காட்டினேன். "உனக்குப் பைத்தியமா?" என்றார். அன்றிலிருந்து பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. துப்பாக்கிகள் ஸ்டேஷனில் இருக்கின்றன. பன்றிகள் இரண்டு முறை வந்து போயின. என் கொல்லையில் வடக்குப் பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டன. விழுப்புரத்தில் வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். நீங்களும் கட்டுங்கள். வலிக்கட்டும்.

சாரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று கேட்டார்கள். அந்த நோட்டை வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் தர மாட்டேன். தினமும் அந்தப் பக்கத்தைப் பிரிக்கிறேன், தினமும் அவரோடு சண்டை போடுகிறேன். மறுபடி வரவும்னு எழுதியிருக்கீங்களே, எங்க சார் வர்றது?