மூடி மாட்டிய பேனா

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழ வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு மாதம் தலைவலி என்பார்கள், அப்புறம் அவர்களும் எங்களைப் போல் கத்திப் பேசப் பழகிவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையில் கரண்டை நிறுத்திப் பிற்பகலில் கொடுப்பார்கள். தெருவே அதற்காகத் திட்டித் தீர்க்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திருப்போம்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அடுத்த கதவு அவளுடைய தறிக்கூடம். அவளும் அவள் வீட்டுக்காரரும்தான் தறி ஓட்டினார்கள். கரண்ட் போனால் என் மிஷினும் படுத்துவிடும், அவள் தறியும் நின்றுவிடும். முந்தானையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு அவள் என் கடைக்கு வருவாள். குறுக்கெழுத்துப் புதிரை நான் முந்தின நாளே பெரிதாக்கி நகல் எடுத்து வைத்திருப்பேன். ஜெராக்ஸ் மிஷினின் மூடிதான் எங்களுக்கு மேஜை.

முதலில் அவள் வந்தது ரேஷன் கார்டை நகலெடுக்க. நான் வார இதழை விரித்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நின்றபடி தலைகீழாகவே படித்துவிட்டு, "யக்கா, அந்த மூணாவது கட்டம் தப்பு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் தப்புதான். ஊரில் இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அக்கா போய் ஏட்டி வந்துவிட்டது, இருவருக்கும் ஒரே வயது என்பதால்.

இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் எனக்கு. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அவளுக்கு. அவள் பங்குக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்துவிட்டால் நான் சொல்லக் கூடாது. பேனாவுக்கு மூடியை மாட்டி மடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். என் பங்கு அவளுக்குத் தெரிந்தால் அவளும் அப்படியே. எதிரில் ஒருத்தி விடையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எரிச்சல் வேறு இல்லை. அந்த எரிச்சல்தான் விளையாட்டே. சொல்லிவிட்டால் டீ கிளாஸ்களைக் கழுவ வேண்டும். இரண்டு பேருமே லேசில் கழுவியதில்லை.

புதிர் மட்டும் என்று சொல்ல முடியாது. அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நான்தான் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். எனக்குப் பித்தப்பையில் கல் என்று படுத்திருந்தபோது என் கடையை அவள் பார்த்துக்கொண்டாள். நூல் விலை ஏறினால் அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை என்றால் நான் மிஷின் மூடியை அறைகிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும்.

அன்றும் கரண்ட் இல்லாத நாள். வெயில் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். பாதிக்கு மேல் நிரப்பியாகிவிட்டது. அவள் பங்கில் ஒன்று பாக்கி. ஊறுகாய்க்கு ஏற்ற, கசக்கும் காய், ஏழு எழுத்து. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, நாரத்தங்காய். முறைப்படி பேனாவுக்கு மூடியை மாட்டி மடியில் வைத்தேன்.

அப்போதுதான் அது வந்தது. வலி இல்லை. வலது கை யாரோ ஒருத்தியின் கையைப் போல மடியில் கிடந்தது. பேனா உருண்டு கீழே விழுந்தது, எடுக்கக் குனிய முடியவில்லை. நாற்காலியில் சுவரோரம் சாய்ந்துவிட்டேன். கூப்பிட வாயைத் திறந்தேன். உள்ளே அவள் பெயர் இருந்தது, வெளியே வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அவள் தாளிலிருந்து பாதிதான் நிமிர்ந்தாள். "கண்டுபிடிச்சிட்டியாக்கும். சிரிப்ப வேற அடக்குதா பாரு. சொல்லிறாத, நானே கண்டுபிடிக்கேன்" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள். நான் கண்ணாலேயே கத்தினேன். அவள் கண் கட்டத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "சோத்த வடிச்சு அவருக்குப் போட்டுட்டு வாரேன். வரும்போது விடையோடதான் வருவேன், நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து போனாள்.

நான் அங்கேயே இருந்தேன்.

தெருவில் ஆட்கள் போனார்கள். யாரோ ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து, "கரண்ட் வந்த பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தறிச்சத்தம் இல்லாத தெரு. எதிர் வீட்டில் குழம்பு தாளிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஒரு சின்ன முனகல் போதும், பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். அந்த முனகல் எனக்கு வரவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பயப்படுவதற்கும் ஒரு சத்தம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

கரண்ட் வந்தது. மிஷின் உறுமி எழுந்தது, தெரு முழுக்கத் தறிகள் பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தத்தை மீறிக் கத்திக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

"நாரத்தங்காய்ட்டி, நாரத்தங்காய்!"

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

ஆட்டோவில் இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு. அவள் என் தலையை மடியில் வைத்திருந்தாள். பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் நேராக அங்கே வந்து சேர்ந்தார். ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. எப்போது ஆரம்பித்தது?

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். "காலைலயே பேசாமத்தான் இருந்தா சார். நாங்க அப்படித்தான் வெளாடுவோம். வெளாட்டுன்னு நெனச்சேன்" என்றாள். டாக்டருக்கு அது விளங்கவில்லை. நேரத்தோடு வந்திருந்தால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம், இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றார். எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. என் வீட்டுக்காரர் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கால் தேறியது, தடியூன்றி நடக்கிற அளவுக்கு. கை தேறவில்லை. பேச்சுத்தான் பெரிய கேலிக்கூத்தாகிவிட்டது. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது. மூளை அடைக்கிற நேரத்தில் கையில் பிடித்திருந்த சொல் அப்படியே தங்கிவிட்டதோ என்னவோ, எனக்குத் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் நாரத்தங்காய். விளக்கை அணை என்றால் நாரத்தங்காய். என் வீட்டுக்காரர் முதல் நாள் நிஜமாகவே ஊறுகாய் வாங்கிக்கொண்டு வந்தார். எந்த நோயும் தீரும் என்று கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து நாக்கில் வைத்தார். மண் வாயோடு அதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் என்னைப் பார்க்க வந்தாள். கையில் தூக்குவாளியில் ரசம். வாசலில் அவள் தலை தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. 'வாட்டி' என்று அவளை உள்ளே கூப்பிட வாயைத் திறந்தேன்.

"நாரத்தங்காய்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று. மறுபடி சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் அதுவேதான் வந்தது, முன்னைவிடச் சத்தமாக. வாளியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எல்லோரிடமும் எனக்கு அந்த ஒரு சொல்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் அவளைக் குத்திக்காட்டுகிறேன் என்றே எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பின்னால் போய் விளக்கிச் சொன்னார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தாளாம். அதோடு வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு வருத்தம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். கோபமும் இருந்தது. ஒரே ஒரு தடவை தலையை முழுசாக நிமிர்த்தி என்னைப் பார்த்திருக்கலாம். இதை அவளிடம் நான் ஒரு நாளும் சொல்லப்போவதில்லை. ஆனால் படுத்துக் கிடந்த நாட்களில் நான் ஏங்கியது கைக்காக இல்லை, அவளுக்காகத்தான். கை போனது போனதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறவள் ஏன் போக வேண்டும்?

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எனக்குக் கிழமைகளைச் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். திங்கள், செவ்வாய் என்று பாட்டாகச் சொன்னால் வாய் தானாக ஓடுமாம். ஓடியது. ஞாயிறு வரை தடுக்காமல் வந்துவிடும். கிழமைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஏறி வந்தேன். தண்ணீர் வந்தது, விளக்கு வந்தது. ஆனால் நான் வேறு ஒரு வாக்கியத்துக்காகத்தான் தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். உன் மேல தப்பு இல்ல. நாலே சொல். தப்பு வரைக்கும் வரும், இல்ல வராது. பாதியில் நின்றால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அதனால் முழுசாக வரும்வரை நான் போகவில்லை.

வந்தது. இந்த வருஷம் கரண்ட் இல்லாத ஒரு நாளில், என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த பெரிய நகலை இடுக்கிக்கொண்டு, தடியூன்றி அவள் தறிக்கூடத்துக்குப் போனேன். அவள் தனியாக, ஓடாத தறிக்குப் பக்கத்தில் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"உன்... மேல... தப்பு இல்ல" என்றேன்.

அவள் அழவில்லை. "எந்திரிச்சுப் போவாம இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாவ. எனக்குத் தெரியும்ட்டி" என்றாள். அதற்கு நான் எதையும் பயிற்சி செய்திருக்கவில்லை. தாளை அவளிடம் நீட்டினேன்.

நூல் பெட்டியின் மேல் தாளை விரித்தோம். பேனாவை அவளே வைத்துக்கொண்டாள், என் கைதான் எழுதாதே. என் பங்கு, அவள் பங்கு என்று இல்லாமல் விடைகளைச் சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லி மடமடவென்று நிரப்பினாள். பரீட்சையில் மணி அடிக்கப்போகிற நேரத்தில் எழுதுகிறவள் மாதிரி. விளையாட்டு செத்துப் போயிருந்தது. நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். "ஏட்டி, பேசு. ஏதாவது பேசு" என்றாள்.

கடைசியில் அவள் பங்கில் ஒரு விடை சிக்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் முறை போகிறது, சும்மா இருந்தால் அவள் உயிர் போகிறது. தரையில் கிடந்த பேனா மூடியை இடது கையால் எடுத்து என் மடியில் வைத்தேன். அவள் முகம் வெளுத்தது. உடனே வாயைத் திறந்தேன்.

"திங்கள்" என்றேன். "செவ்வாய். புதன்."

அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. மெல்லத் தலையைக் குனிந்து கட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாக்கு வலித்தது. ஞாயிறில் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்தக் கணமே அவள் தலை நிமிர்ந்துவிட்டது.

நான் மறுபடியும் திங்களிலிருந்து ஆரம்பித்தேன்.