கோட்டுப் பையில் ஃப்யூஸ்

குளிர்காலம் வந்துவிட்டால் அந்த மனிதருக்குத் தலைகால் புரியாது. மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. 'வீட்டில் மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற துண்டு அறிக்கையை எழுதியவரே அவர்தான். எழுதியதோடு விட்டாரா? தினமும் காலையில் வீட்டு ஹீட்டரின் ஃப்யூஸைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். தெருவில் அவருக்கு 'சுவிட்சு' என்று பெயர். அதைப் பட்டம் என்று நினைத்துப் பூரித்துக்கொள்கிற ஜென்மம்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து நிற்பாள். வெள்ளை உடையின் கழுத்தில் முத்து வைக்கும் வேலை இன்னும் பாதி கிடந்தது. நேரம் தவறினால் அந்த வீட்டு வேலை இனி வராது.

"விரல் மடங்க மாட்டேங்குது. இன்னிக்கு மட்டும் ஃப்யூஸை விட்டுட்டுப் போங்க" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

"ரெண்டு ஸ்வெட்டரா போட்டுக்கோ. உடம்புக்குள்ளயே ஒரு ஹீட்டர் இருக்கு. அதை ஓடவிடு."

பகல் பன்னிரண்டுக்கு ஊசி விரலில் ஏறியது. மரத்த விரலுக்கு வலிகூடத் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் இரத்தம் சொட்டுவதற்குள் கையை இழுத்துக்கொண்டவள், நேராக அலுவலகத்துக்கு நடந்தாள்.

அவருடைய அறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. இந்தக் குளிரிலா? பரவாயில்லை, ஊருக்குச் சொல்வதைத் தானும் செய்கிற மனுஷன்தான் என்று ஒரு கணம் மனம் இளகிவிட்டது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மேஜைக்கடியில் இரண்டு ஹீட்டர்கள் கனன்றுகொண்டிருந்தன. கணவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தான் எழுதிய அறிக்கையாலேயே விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "அண்ணன் காலுக்கு ஒண்ணா வச்சிருக்காரு. சூடு தாங்கலன்னு ஜன்னலைத் திறந்தாச்சு."

"இது ஆபீஸ் கரண்டு" என்றார் கணவர், ஏதோ கோவில் சொத்தைக் காப்பவர் போல.

அவள் நாற்காலியில் தொங்கிய கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஃப்யூஸை மட்டும் எடு. கோட்டு எதுக்கு?"

"எந்தப் பையில இருக்குன்னு வீட்ல போய் நிதானமா தேடிக்கிறேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசி முத்தும் ஏறியது. ஆறு மணிக்கு அவர் பல் கிட்டிக்க உள்ளே வந்து, ஹீட்டருக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் குனிந்து ஹீட்டரை அணைத்தாள்.

"உங்களுக்குத்தான் உள்ளயே ஒண்ணு இருக்கே. ஓடவிடுங்க."