புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

கிருஷ்ணகிரி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் எனக்கு, துப்பாக்கித் தணிக்கை நாள் என்றாலே தலைவலி. ஊர் ஊராக ஆட்கள் நாட்டுத் துப்பாக்கியோடு வந்து, கைநாட்டு எங்கே வைக்கணும் என்று உயிரை வாங்குவார்கள். ஆனால் அறுபத்தெட்டில் வந்தாளே வேப்பனப்பள்ளி லட்சுமியம்மாள், அவளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

காட்டுப்பன்றி விரட்ட, புருஷன் திம்மராயன் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ். சுடுவது மட்டும்தான் அவர் வேலை. இரண்டு ஏக்கர் நிலக்கடலையை விதைப்பது, களையெடுப்பது, பன்றியைக் கண்டதும் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவள்தான். ஆபீசர் பார்க்கிற சாமான் பளபளவென்று இருக்க வேண்டாமா என்று, தணிக்கைக்கு முதல் நாள் துப்பாக்கியையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்கிவிட்டாள்.

தாசில்தார் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கேய்யா?"

திம்மராயன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க சாமி தேச்சேன், நல்லா அழுத்தி!" என்றாள் லட்சுமியம்மாள் பெருமையாக.

ஏசுவே! தலையில் அடித்துக்கொண்டேன். குழலில் வெட்டிய எண் இல்லாத துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அதை அழித்தவர் என்று சட்டம் எடுத்த எடுப்பிலேயே நினைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. துப்பாக்கி பறிபோகும், திம்மராயன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், கடலை பூராவும் பன்றிக்கு. அவள் காதில் இதைச் சொன்னதும் முகம் சுண்டிப்போனது.

"அய்யோ, எங்கூட்டுக்காரர நானே புடிச்சுக் குடுத்துட்டனா?" என்று அழுதேவிட்டாள்.

சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க சாமி. கல்யாண வூட்டுல அண்டா குண்டா கலந்துபோனா, தேஞ்ச பேர நாங்க கண்டுபுடிக்கிறதில்லையா?"

எதிர் டீக்கடைக்கு ஓடினாள். வடைச்சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி, எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து குழலில் பூசினாள். முந்தானையால் மேலாக ஒரு துடைப்பு. பள்ளத்தில் மட்டும் கரி நின்றது. ஏழு, ஒன்று, நான்கு, ஆறு! லைசென்ஸ் புத்தகத்திலும் அதே எண்.

நான் கைதட்டியேவிட்டேன். தாசில்தார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, "அடுத்த ஆளு!" என்றார்.

ஒருத்தரும் அவரிடம் போகவில்லை. எண் தேய்ந்த துப்பாக்கிகளோடு பன்னிரண்டு பேர் லட்சுமியம்மாள் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். அதுவரை வாயே திறக்காத திம்மராயன் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்கப்பா! எம்பொண்டாட்டிக்கு இருக்கறது ரெண்டு கைதான்!"