தரையில் கம்மல் தேடியவள்

சிவப்பிரகாஷுக்குப் பிடித்த படம் எது என்று போடிமெட்டு முதல் சாந்தன்பாறை வரை யாரைக் கேட்டாலும் தெரியாது. பிடிக்காத படங்களைக் கேளுங்கள், அவன் ஜீப்பில் வருகிற ஒவ்வொரு பெண்ணும் வரிசையாகச் சொல்லுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் அவனுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். சில பேருக்குக் காலையில் டீ வேண்டும், அவனுக்கு இது.

அவன் ஓட்டுவது ட்ரிப் ஜீப். விடியும்போது போடியில் ஏலத் தோட்டத்து வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவான். தோட்டத்து ஸ்டோரில் காய் எடை போடுகிற நான் போடிமெட்டில் ஏறி முன்சீட்டில் உட்காருவேன். தோட்டத்து கேட்டில் எங்களை உதிர்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு சின்னக்கானல் பக்கம் டூரிஸ்ட் ஓட்டத்துக்குப் போய்விடுவான். சாயங்காலம் அதே கேட்டில் வந்து ஹாரன் அடிப்பான். இத்தனை வருஷத்தில் அந்த கேட்டைத் தாண்டி அவன் உள்ளே வந்ததே இல்லை. வரவேண்டிய வேலையும் இல்லை.

சின்ன வயதில் சாந்தன்பாறையில் ஒரு மலையாள மாஸ்டரிடம் கராத்தே படித்தான். மஞ்சள் பெல்ட் வாங்கிய கையோடு மாஸ்டர் கல்ஃபுக்குப் போய்விட்டார். அந்த மஞ்சள் பெல்ட் இன்றைக்கும் ஜீப் கண்ணாடியில் தொங்குகிறது. மாஸ்டர் போன பிறகு சீனப் படம், ஜப்பான் படம், தாய்லாந்துப் படம் என்று கண்டதையும் பார்த்தான். பிறகு போனில் சண்டை கேம்கள் வந்தன. பார்க்கப் பார்க்க வித்தை வளரவில்லை, அருவருப்புதான் வளர்ந்தது.

“யக்கா, நேத்து ஒரு படம் பாத்தேன். கொமட்டிக்கிட்டு வருது. கையத் தூக்குறான், வெட்டு. மூஞ்சியக் காட்டுறான், வெட்டு. எவன் மேலயோ படுது, வெட்டு. அடிச்சது ஹீரோவா, படத்த வெட்டி ஒட்டுனவனான்னே தெரியல.”

“நீ ரோட்டப் பாருய்யா” என்பாள் வீருத்தாய்.

“சுத்தி நிக்கிறவன் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருத்தனா வந்து வாங்கிட்டுப் போறான். அவன் அடி வாங்குற வரைக்கும் பின்னால நிக்கிறவனுக்கு என்ன வேல? நின்ன எடத்துல குதிக்கிறான்க்கா. தூ!”

வீருத்தாய்தான் அந்த ஜீப்பின் தலைவி. டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருகிற பெண்ணுக்குத்தான் அவன் தோளில் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்கிற அதிகாரம் உண்டு. அந்த இடம் வீருத்தாயுடையது. தோட்டத்தில் அவளைவிட வேகமாகக் காய் எடுப்பவள் கிடையாது. சாயங்காலம் அவள் சாக்கு தராசில் ஏறும்போது மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

படத்தையாவது மலைரோட்டின் ஒரு வளைவுக்குள் திட்டி முடிப்பான். வரப்போகிற வீடியோ கேம்களைப் பிடித்தால் சாந்தன்பாறை வரைக்கும் விடமாட்டான்.

“அறிவிப்பு வரப்போகுதுன்னு ஒரு அறிவிப்பு விடுறான். அதுல என்ன இருக்கு? மழை பெய்யுது. ஒருத்தன் திரும்பிப் பாக்குறான். தேதி போடுறான். அந்தத் தேதியும் மாறும். கேம் வரல, அதுக்குள்ள அதுல வர்ற ஆளுக்குப் போடுற சட்டைய விக்க ஆரம்பிச்சுட்டான். சரி, வந்த பெறகாவது உருப்படியா இருக்கா? சீனாக்காரனும் அதே நட, பிரேசில்காரனும் அதே நட, கெழவிக்கும் அதே நட. தோல மாத்துறான், எலும்பு ஒரே எலும்பு. எவனுக்கும் காலே கெடையாது அண்ணாச்சி! நிக்கத் தெரியாதவன் எப்படி அடிப்பான்?”

கடைசிக் கேள்வி எனக்கு. நான் தலையாட்டுவேன். எரிச்சல் என்னவென்றால், அவன் சொல்வதில் பாதி சரியாக இருந்து தொலைக்கும். அவன் திட்டியதைக் கேட்ட பிறகு எனக்கும் எந்தச் சண்டைப் படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. வில்லனுக்குப் பின்னால் குதிக்கிறவன்தான் கண்ணில் படுகிறான். மனுஷனுடைய சின்னச் சந்தோஷத்தைக்கூடக் கெடுத்துவிடுகிற ஜன்மம்.

டூரிஸ்டுகள் மலை பார்க்கப் போன நேரத்தில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் போனில் பேசிப் பதிந்து இணையத்தில் ஏற்றுவான். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘தூ!’. கேட்க ஆளும் சேர்ந்தது. திட்டுவதைக் கேட்க எந்தக் காலத்தில் ஆள் சேராமல் இருந்திருக்கிறது?

போன வருஷம் காய் எடுப்பு சமயத்தில் கொச்சியிலிருந்து ஒரு சின்ன கம்பெனியின் ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். ஜோமோள் என்ற பெண்தான் தலைமை. மலைத் தோட்டத்தில் நடக்கிற ஒரு சண்டை கேம் செய்கிறார்களாம். அதில் ஏலக்காட்டில் வேலை செய்கிற ஒரு பெண்தான் முக்கியமான ஆளாம். உடம்பில் வாரைக் கட்டி, வாரில் சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டினால், மனுஷர் நடக்கிற நடை அப்படியே கம்ப்யூட்டருக்குள் போய்விடுமாம்.

ஜோமோள் ஒவ்வொருத்தியையும் நடக்கச் சொல்லிப் பார்த்தாள். வீருத்தாய் சரிவில் இறங்கிக் காண்பித்த பிறகு வேறு யாரையும் கூப்பிடவில்லை.

“நான் சண்டையெல்லாம் போட்டதில்லையேம்மா” என்றாள் வீருத்தாய்.

“சண்ட வேண்டாம் சேச்சி. தினமும் செய்யுறத செஞ்சா மதி, அது போதும்” என்றாள் ஜோமோள். அன்று முழுவதும் வீருத்தாய் நடந்தாள், குனிந்தாள், திரும்பினாள், செடி கழிக்கிற கவாத்துக் கத்தியை வீசினாள். கேம் வெளியே வருகிறவரை யாரிடமும் சொல்லக்கூடாது, வந்தால் அதில் உங்கள் பெயரும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் காய் நிறுக்க வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊருக்கு வந்தாலும் போனும் கேமுமாகக் கிடப்பானே தவிர, அம்மா என்று நிமிர்ந்து பார்க்க மாட்டான். 

“சோத்தக்கூட எந்தக் கையில திங்கிறோம்னு தெரியாமத் திங்கிறான் கழுத. இப்ப அந்தப் போனுக்குள்ளயே நான் வந்துட்டா பாத்துத்தான ஆகணும்? அவன் வெரலச் சொடுக்குனா நான் ஆடுவேன். நானேதான்டான்னு அப்பச் சொல்லுவேன்” என்றாள்.

சிவப்பிரகாஷிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு. “அவன் எதத்தான் திட்டல? மொதல்ல இதையும் திட்டட்டும். பெறகு சொல்லி அவன் மூஞ்சியப் பாப்போம்” என்று சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல வேடிக்கையாகத்தான் பட்டது.

மழை விட்ட சமயத்தில் ஒருநாள் சிவப்பிரகாஷ் புதுச் சட்டையில் வந்தான். ஏதோ ஒரு கம்பெனி, வரப்போகிற கேமைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லச் சொல்லி அவனைக் கேட்டிருக்கிறதாம். எந்த கம்பெனி, எந்த கேம் என்று சொல்லக்கூடாதாம்.

“இத்தன நாள் கத்துனதுக்கு ஒருத்தனாவது காது குடுத்தான் அண்ணாச்சி” என்றான். அவன் வாயிலிருந்து திட்டு வராத ஒரே காலை அதுதான். அவன் எப்போதும் பேசுவது ஜப்பான், அமெரிக்கா கம்பெனிகளைப் பற்றித்தான், ஆகவே இதுவும் அப்படி எங்கேயோ தூரத்தில் இருப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவன் பார்த்ததும் சொன்னதும் பிறகு அவனே எனக்குச் சொன்னவை. அவர்கள் அனுப்பியதில் மலையும் இல்லை, செடியும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தரை. அதில் முகமே இல்லாத ஒரு பெண் உருவம் நடந்தது, குனிந்தது, கத்தி வீசியது. இவன் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் பேசிப் பதிந்து அனுப்பினான். இந்தப் பெண்ணுக்கு நிற்கவே தெரியவில்லை, வெறும் தரையில் எதையோ தாண்டித் தாண்டி வைக்கிறாள், காணாமல் போன கம்மலைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு எட்டுக்கும் குனிகிறாள், பார்க்கவே குமட்டுகிறது, இதைத் தூக்கி வீசிவிட்டு ஒழுங்காகச் சண்டை படித்த ஆளை வைத்து எடுங்கள் என்றான். கடைசியில் வழக்கம்போல ஒரு ‘தூ!’.

கம்பெனியிலிருந்து நன்றி வந்தது. கம்பெனிப் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு நாலு பேரிடம் காட்டினான்.

சில வாரம் கழித்து ஒரு காலை, மெட்டில் நான் ஏறும்போதே வீருத்தாய் தலைத் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பிரகாஷ் புதிதாக வந்த எதையோ திட்ட ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஒருத்தி, “சும்மா வாய்யா, அக்காவே மனசு சரியில்லாம வருது” என்றாள்.

“ஏன்க்கா, என்னாச்சு?”

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று வீருத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். கொச்சிக்காரப் பெண் வந்தது, வாரைக் கட்டியது, நாள் முழுக்க நடந்தது.

“நேத்து அந்தப் பொண்ணு போன் போட்டுச்சு. அதுலருந்து என்னைய எடுத்துட்டாங்களாம்யா. அந்தப் புள்ளைக்கே அழுக வருது. யாரோ பெரிய வெவரமான ஆளாம், பாத்துட்டு நல்லா இல்லன்னுட்டானாம். நிக்கத் தெரியலையாம் எனக்கு. காணாமப்போன கம்மலத் தேடுற மாதிரி நடக்குறேனாம்.”

ஜீப் குலுங்கி நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் மலையாளத்தில் நல்ல வார்த்தையாக இரண்டு சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனான். சிவப்பிரகாஷ் திரும்பவில்லை. கிளட்ச் ஏதோ பிடிக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று கேட்டில் அவன் வண்டியைத் திருப்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தான். டூரிஸ்ட் ஓட்டத்துக்கு நேரமாகவில்லையா என்றேன். சரிவுக்கு மேலே போய் நின்றுகொண்டான்.

ஏலக்காய் மேலே கிளையில் காய்க்கிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது செடியின் அடியில், தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில் காய்க்கும். ஒரு சரத்தை மிதித்தால் அடுத்த பறிப்புக்கு வரவேண்டிய பூவும் பிஞ்சும் போயிற்று. அதனால் காய் எடுக்கிற பெண் கால் வைக்கும் முன் கண்ணை வைப்பாள். கால்விரலால் தொட்டுப் பார்த்து, சரத்துக்கும் சரத்துக்கும் நடுவில் பாதத்தைச் சாய்த்து நுழைத்து, வழுக்குகிற ஈர மண்ணில் இடுப்பை இறக்கி நின்றுகொண்டு, கையை இலைக்கு அடியில் விடுவாள். வீருத்தாய் இதையெல்லாம் செய்கிறாள் என்றே தெரியாது. சரிவில் தண்ணீர் வழி கண்டுபிடித்து இறங்குவது போல இறங்கிப் போவாள்.

சிவப்பிரகாஷ் அவளைத் தினமும் பார்த்தவன்தான். ஜீப் கண்ணாடியில், உட்கார்ந்த நிலையில், கழுத்துக்கு மேலே பார்த்தவன். அவள் சரிவில் நடந்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டோருக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நடந்ததைச் சொன்னான். 

“எவனுக்கும் காலே இல்ல, காலே இல்லன்னு கத்துனேன் அண்ணாச்சி. ஒரு காலக் கொண்டாந்து காட்டுனா, அதத் தூக்கி வீசச் சொல்லியிருக்கேன். என்னைய நெனச்சா எனக்கே கொமட்டுது” என்றான். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அங்கிருந்தே கம்பெனி நம்பரைப் போட்டு ஜோமோளைப் பிடித்தான். தான் சொன்னது தப்பு, பழையதையே வையுங்கள் என்று கெஞ்சினான். ஜோமோள் தணிந்த குரலில்தான் பேசினாளாம். கொச்சியில் ஒரு மாஸ்டரை வைத்துப் புதிதாக எடுத்தாகிவிட்டது, எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, இனி மாற்ற முடியாது. “நீங்க சொன்ன அபிப்பிராயத்தாலதானே சேட்டா எல்லாரும் சம்மதிச்சது?” என்று கேட்டாளாம்.

அடுத்த மாதம் அந்த கேமின் முன்னோட்டம் வந்தது. சிவப்பிரகாஷ் தோட்டத்து கேட்டுக்குச் சற்று முன்னால் ஜீப்பை ஓரங்கட்டி, போனைப் பின்பக்கம் நீட்டினான். பெண்கள் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஏலக்காடு அச்சு அசலாக இருந்தது. இறுக்கமான உடுப்பில் ஒருத்தி அந்தரத்தில் சுழன்று வந்து, இரண்டு காலையும் அகட்டி ஒரு செடியின் அடியில் தொம்மென்று ஊன்றி நின்றாள்.

“அய்யய்யோ, சரம்!” என்று எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வீருத்தாய் போனைக் கையில் வாங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். “சரத்துமேலயே நின்னு சண்ட போடுறா. அந்த வெவரமான ஆளு இவள நல்லா இருக்கான்னு சொன்னானாக்கும்?”

“இல்லக்கா” என்றான் சிவப்பிரகாஷ். அவன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “உன்னைய நல்லா இல்லன்னு சொன்னான். அது நாந்தான்க்கா.”

வீருத்தாய் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை என்னிடம் கொடுத்து அவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

“தோட்டத்துல வேலைக்குப் பேர் போடுற நேரமாச்சு. வண்டிய எடு” என்றாள்.

மறுநாள் அவள் அதே ரோட்டில் ட்ரிப் ஓட்டுகிற ரத்தினசாமியின் ஜீப்பில் வந்தாள். அதற்கடுத்த நாளும் அதில்தான். சிவப்பிரகாஷின் முதுகுக்குப் பின்னால் அந்த இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. நெருக்கியடித்துக்கொண்டாவது தள்ளித்தான் உட்காருகிறார்கள். அவன் பழையபடி படங்களைத் திட்டத்தான் செய்கிறான். பாதியில் நிறுத்திவிடுகிறான். ரோட்டைப் பார் என்று சொல்ல ஆளில்லாமல் ரோட்டையே பார்த்து ஓட்டுகிறான்.

போன வாரம் காய் நிறுக்க வந்த வீருத்தாய், நான் கேட்காமலேயே சொன்னாள். மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தானாம். அந்த கேம் வெளிவந்து அவன் போனில் ஏற்றியிருந்தானாம். வருஷக்கணக்கில் இல்லாத அதிசயமாக, அம்மா இங்க வா என்று பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினானாம்.

“‘பாரும்மா, ஏலக்காட்டு ஆளு. உன்னைய மாதிரியே இருக்கா பாரு’ன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? ஆமாய்யான்னேன்” என்றாள். பிறகு சாக்கைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.