நீதிபதி மறுக்கவில்லை

'இவரை ஏற்றுக்கொள்ள உறவினர் எவரும் முன்வரவில்லை.'

இந்த வரியை எழுதியவள் நான். அது பொய். முன்வந்த பெண் முந்தைய நாள்தான் என் எதிரில் வெறுந்தரையில் உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிவம் என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்துவர மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

பத்து ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கும் ஒரே காரணம்தான்... உங்களை எனக்குத் தெரியாது.

நான் மனநலச் சமூகப் பணியாளராக இருந்தேன். நெல்லைப் பக்கம் ஒரு காப்பகம். அதன் பெயர் வேண்டாம். பிழை அதனுடையது அன்று, என்னுடையது. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

குற்றம் செய்த வேளையில் சித்தம் கலங்கியிருந்தவனைச் சட்டம் தண்டிப்பதில்லை. குற்றவாளி அல்லன் என்றே தீர்ப்பளிக்கிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் இல்லை. பாதுகாப்பில் வைத்து மருத்துவம் பார்க்கச் சொல்கிறது. எவ்வளவு காலம்? அதற்குக் கணக்குக் கிடையாது. கொலைக்குத் தண்டனை பெற்றவனுக்குக்கூட என்றாவது ஒருநாள் கதவு திறக்கலாம். இவனுக்கோ, குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். பொறுப்பேற்க ஓர் உறவு வர வேண்டும். அந்த உறவைத் தேடிப் போய்ப் பேசி, அறிக்கை எழுதுவதுதான் என் வேலை.

இசக்கிமுத்து கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தான். அரிசி ஆலையில் நெல் காயப்போடும் வேலை. அண்ணன் தன் குடிதண்ணீரில் விஷம் கலக்கிறான் என்று ஒரு குரல் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வயல் வரப்பில் வைத்து, மண்வெட்டியால் அண்ணனின் தலையில் அடித்துவிட்டான். ஒரே அடி. பிறகு அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

எங்களிடம் வந்தபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மருந்து அவனுக்கு நன்றாகவே பிடித்தது. மூன்றாம் ஆண்டில் குரல்கள் நின்றன. நான்காம் ஆண்டில் எங்கள் தோட்டம் முழுவதும் அவன் பொறுப்பில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மற்றவர்களுக்குத் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவான். 'இனி வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என் அறிக்கை மட்டுமே பாக்கி.

போனேன். கல்லிடைக்குறிச்சியில் பேருந்தை விட்டு இறங்கிக் கால்வாய்க் கரையோரம் அரை மணி நேரம் நடை. அவன் மனைவி பேச்சி அப்பளம் போடும் இடத்தில் வேலையாக இருந்தாள். ஆள் அனுப்பியதும், கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தாள்.

ஓர் அறை வீடு. எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு மண்வெட்டி. என் கண் அங்கே போனதைப் பேச்சி கவனித்துவிட்டாள்.

"இது வேற, மேடம். அத போலீஸ்காரவ கொண்டு போயிட்டாவ," என்றாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை அவள்.

"கூட்டிட்டு வாங்க. நான் வச்சிக்கிடுதேன்."

"யோசிச்சுச் சொல்லும்மா. தினமும் மாத்திரை கொடுக்கணும். ஒரு வேளை தவறினாலும்..."

"அவிய முழுங்குனத என் கண்ணால பாத்த பொறவுதான் நான் சோறு திங்கேன். போதுமா?"

"திரும்பவும் குணம் மாறினா என்ன செய்வே? பிள்ளை இருக்கு."

அவள் கையில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாறுனா எனக்குத்தான் மொதல்ல தெரியும். அப்பமும் எனக்குத்தான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும், கொண்டு போவணும்னு ஆறு மாசமா எல்லார்ட்டயும் சொன்னேன். ஒருத்தரும் காது கொடுக்கல மேடம்."

பக்கத்து வீடுதான் கொலையுண்ட அண்ணனின் வீடு. அந்த விதவை, இசக்கிமுத்துவின் மதினி, வாசலிலேயே நின்று பேசினாள்.

"அவன் செய்யல, அந்த நோவுதான் செஞ்சுது. அது எனக்குத் தெரியும். ஆனா அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு இன்னும் தெம்பு வரல. வந்து இருக்கட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

திரும்பி வந்தால் பேச்சி தயாராகத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "எங்கன கையெழுத்துப் போடணும்?"

அப்போதுதான் சொன்னேன், படிவத்தை மறந்துவிட்டு வந்தேன் என்று.

ஏன்... ஏன் சொன்னேன்?

பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட விடை, அந்தப் பிள்ளை. சுவரில் சாய்ந்து நின்ற அந்தக் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாத விடை.

உண்மை அவ்வளவு அழகானதன்று. என்னுடன் பணியாற்றிய ஒருவர் பரிந்துரைத்து வீட்டுக்குப் போன ஒருவன், நான்கே மாதத்தில் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டான். உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. ஆனாலும் விசாரணை வந்தது. அவரை வடகோடி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அப்போது என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். கணவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. பாளையங்கோட்டையை விட்டு நான் எங்கே போவேன்? இசக்கிமுத்து உள்ளேயே இருந்தால் என்னை யாரும் எந்தக் கேள்வியும் கேட்கப் போவதில்லை. வெளியே போனால், அவன் வாழ்நாள் முழுவதற்கும் என் கையெழுத்து அல்லவா ஜாமீன்?

இவ்வளவுதான். ஓர் இடமாறுதல் பயம்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். மதினி சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். 'கொலையுண்டவரின் மனைவி, இவர் முகத்தைப் பார்க்கும் நிலையில் இல்லை எனத் தெரிவித்தார்.' பேச்சியைப் பற்றி, 'வறுமை நிலையில் உள்ளார், நோயின் தன்மையை உணரும் அளவு கல்வியறிவு இல்லை' என்று எழுதினேன். கொலைக்கு ஆறு மாதம் முன்பே நோயைக் கண்டுகொண்டவளைப் பற்றி! அதன் பிறகு, முதலில் சொன்னேனே, அந்த வரி.

நீதிமன்றத்தில் நீதிபதி என் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருமே இல்லையாம்மா?"

"இல்லை ஐயா."

"பாவம்," என்றார். இன்றைய நிலை தொடரட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஒரு கணம் போதும், நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர் கேட்டாரே. நேருக்கு நேர் கேட்டாரே...

எட்டு மாதம் கழித்துப் பேச்சி வந்தாள். கையில் புதுச் சட்டையும் வேட்டியும். வெளியே வரும்போது போட்டுக்கொள்வதற்காம்.

"எப்பம் மேடம் விடுவாவ? கையெழுத்து வாங்க ஆள் வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

நான் முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவதைச் சொன்னேன். "நீதிபதி ஒத்துக்கலம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

அவள் என்னை நம்பினாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்விய மேடம், பெரியவிய சொன்னா சொன்னதுதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். துணியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவனிடமும் நீதிபதியைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள். அவன் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை தோட்டத்துக்குத் தண்ணீர் விட அவன் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் போகவில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். இரண்டாம் ஆண்டிலிருந்து 'எப்பம்' என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். மகள் பெரியவளாகியிருந்தாள், சடங்குக்கு அப்பன் ஒருநாள் வந்து நிற்க முடியுமா என்று. பாதுகாப்புக்கு ஆள் போட்டு அனுப்ப வழியிருந்தது. ஆனால் விண்ணப்பம் கொடுத்தால் அந்தப் பழைய கோப்பை மறுபடி திறப்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சடங்குப் புகைப்படத்தை இசக்கிமுத்து எனக்குக் காட்டினான். மாலையும் கழுத்துமாய்ப் பிள்ளை. "என் சாடையா, அவ சாடையா மேடம்?" என்று கேட்டான். உன் சாடைதான் என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.

ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. பிறகு சட்டம் மாறியது. பழைய கோப்புகளை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் இசக்கிமுத்துவின் கோப்பை எடுத்தார். என்னைக் கேட்காமலே அந்த வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே பேச்சி வாசலில் நின்றாள்.

அந்த மருத்துவர் என் பழைய அறிக்கையைப் படித்தார். வெளியே நிற்பவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. இப்போ மனசு மாறியிருக்கும், இல்லையா மேடம்?"

நான் தலையை ஆட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை. பேச்சியின் மேல் அந்தப் பழியையும் போட்டேன்.

இசக்கிமுத்து வீட்டுக்குப் போனான். பேச்சி கொடுத்த அந்தப் புதுச் சட்டை உடம்புக்குச் சிறுத்துவிட்டது; பொத்தான் போடாமல் போட்டுக்கொண்டு போனான். போகும்போது என் காலைத் தொட்டான். "நீங்க எத்தன தடவ எழுதிப் போட்டியளோ..." என்றான்.

நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. பழைய ஆலையிலேயே மறுபடி நெல் காயப்போடுகிறான். பேச்சி பார்க்க மாத்திரை விழுங்குகிறான். மதினி முதல் வருடம் அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றாளாம். இப்போது அவள் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்ததே அவன்தான். ஒரு சத்தம், ஒரு சண்டை கிடையாது. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஒருவேளை ஏதாவது நடந்திருந்தால்... நான் செய்தது சரி என்றாகியிருக்கும் என்று மனத்தின் ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேனா? அந்தக் கேள்விக்குள் நான் போவதில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லோரோடும் முழங்காலிட்டுப் பாவத்தை அறிக்கையிடுகிறேன். எல்லோருமாகச் சேர்ந்து சொல்லும்போது யாருடைய பாவம் எது என்று தெரிவதில்லை. நாவு கூசுவதும் இல்லை.

போன ஆடியில் இசக்கிமுத்து பாளையங்கோட்டையில் என் வீட்டைத் தேடி வந்தான். தலை நரைத்திருந்தது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த ஜட்ஜ் ஐயா எங்கன இருக்காவ?"

"எதுக்குப்பா?"

"சண்டைக்கு இல்ல மேடம். அவிய என்கிட்ட என்னத்தப் பாத்து வேண்டாம்னு சொன்னாவன்னு கேக்கணும். படிச்சவிய. என்னமோ கண்டிருக்காவ. அது இன்னும் எனக்குள்ள கெடக்கான்னு தெரியணும். அத நெனச்சிதான் மேடம், என் மவ பக்கத்துல நான் இன்னும் கூச்சமாத்தான் உக்காருதேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக. உடனே ஒரு நினைப்பு வந்தது. இதைக் கேட்டால் இவன் மனம் தாங்குமா? மறுபடி நோய் வந்துவிட்டால்? அவன் நன்மைக்காகத்தானே...

பார்த்தீர்களா! அதே வாக்கியம். பத்தாண்டுக்கு முன் அந்தப் பிள்ளையின் பெயரால் சொன்னதை, இப்போது அவன் பெயரால் சொல்லிக்கொண்டேன்.

"அவர் இறந்துட்டாருப்பா," என்றேன்.

இறக்கவில்லை. என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். காலை நடையில் எதிர்ப்பட்டால் கைகூப்புவார். நானும் கூப்புவேன்.

இசக்கிமுத்து 'ச்சு' கொட்டினான். உண்மையாகவே வருந்தினான்.

"உனக்குள்ள ஒண்ணும் இல்லப்பா. அவர் கண்டது தப்பு," என்றேன். என்னால் முடிந்த அளவு அவ்வளவுதான்.

"தப்புன்னு சொல்லாதிய மேடம். அவியளும் யாருக்கும் ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான செஞ்சிருப்பாவ." எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "வாற அமாவாசைக்குப் பாவநாசம் போவேன், அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விட. அவியளுக்கும் சேத்து விட்டுருதேன். பேரு என்ன மேடம்?"

"மறந்துபோச்சுப்பா."

"பரவால்ல. ஐயான்னு சொல்லி விடுதேன்."

அமாவாசையன்று விடியும்போதே பாவநாசம் போகும் பேருந்துகள் கூட்டத்தைப் பிதுக்கிக்கொண்டு போயின. நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பின்னால் ஆற்றின் இரைச்சலும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

"விட்டுட்டேன் மேடம். ஐயாவுக்கும் மூணு கை தண்ணி. இனிமே வருசா வருசம் விடுவேன்."

"சரிப்பா," என்றேன். "மாத்திரையை விட்டுராதே."

அக்கறையான அந்தக் குரலில்தான், அவனைப் பற்றிய பொய் அறிக்கையை எழுதிய நாளிலும் நான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.