ரோஸ்பெரி தோட்டத்துத் தப்பும் பத்து நிமிடச் சுருளும்

வல்லிபுரம் பத்மநாதன். பிறப்பு: 1919 ஆவணி, புலோலி. ரோஸ்பெரி தோட்ட மருந்துச்சாலையில் மருந்தாளராகப் பொறுப்பேற்றது: 1948 மார்ச் 1. மனைவி: லீலாதேவி. தோட்டம்: பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் நான்கு மைல், தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பத்தொன்பது. அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் மூன்று. இரண்டில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் காயங்களும் தேதிவாரியாக உள்ளன. மூன்றாவதில் நோயாளி எவரும் இல்லை. ஒலிகள் மட்டுமே உள்ளன.

மூன்றாவது குறிப்பேடு 1960 நவம்பரில் தொடங்குகிறது. ஊர் திரும்பிய உதவித் துரை ஒருவர் தம் ஒலிப்பதிவுக் கருவியை, மைக் தொலைந்துபோனதால், அரைவிலைக்கும் குறைவாக விற்றார். பத்மநாதன் அதை வாங்கிக்கொண்டு பதுளைக் கடைவீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் அஸீஸிடம் போனார். அஸீஸ் தம்மிடம் இருந்தவற்றுள் மிக மலிவான மைக்கை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு கொட்டைப்பாக்கை விடச் சற்றே பெரியது.

மற்றவற்றையெல்லாம் மருந்துச்சாலையே தந்தது. சேலைன் போத்தல் தொங்கவிடும் கம்பி மைக் தாங்கியாயிற்று. காற்றின் இரைச்சலைத் தடுக்கப் பஞ்சு வைத்துக் காயத் துணி சுற்றப்பட்டது. சுவரில் ஒலி மோதித் திரும்பாமலிருக்க நோயாளர் கம்பளிகள் நான்கு தொங்கின. லீலாதேவியின் வயலினையும் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரின் வீட்டு ஆர்மோனியத்தையும் அவர் திருத்தமாகப் பதிவுசெய்துவிட்டார். தப்பு என்னும் பறைதான் வசப்படவில்லை. அந்தச் சிறிய மைக் அதன் அடியைத் தாங்கவில்லை. மைக்கைத் தள்ளிவைத்த தூரத்தைக் குறிப்பேடு சொல்கிறது: “இரண்டடி: கிழிகிறது. ஆறடி: இன்னும் கிழிகிறது. பதினான்கடி: நன்று.”

அவர் வீட்டுக் கூடத்தின் நீளமோ பதினோரடி. ஆகவே மைக்கை முன்வாசலோரம் வைத்து, தப்புக்காரர்களைக் கூடம் தாண்டிச் சமையலறையில் நிறுத்த வேண்டியிருந்தது. மலைப் பனியில் தோல் தொய்ந்துவிடும். அடிக்குமுன் அதைத் தீயில் காய்ச்சியே ஆக வேண்டும். சமையலறை அடுப்பு அதற்கும் வசதியாயிற்று. ஆனால் தப்புக்காரர் எவரும் அதுவரை அந்த வீட்டின் முன்படி ஏறியதில்லை. ரெங்கசாமி படியிலேயே நின்றுவிட்டார்.

“உள்ளுக்கு வாங்கோ,” என்றார் லீலாதேவி. “அங்கை நிண்டா அடுப்பு நடந்து வருமோ?”

ரெங்கசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. காமன் கூத்தில் முதல் தப்பு அவருடையது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர் அடித்திருக்கிறார், எல்லாம் நின்றபடியும் நடந்தபடியும். கொழும்புக் கிராமிய இசை மன்றம் ஜூலை மாதம் ஒரு விழா நடத்தவிருப்பதாகவும், தேர்வுக்குத் தொலைவில் உள்ள குழுக்கள் ஒலிநாடா அனுப்பினால் போதுமென்றும் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. நாற்காலி போட்டு அமர்ந்து, வேறெந்த வேலையுமின்றிக் கேட்கிற ஒரு சபைக்கு முன் ஒரு தடவை அடித்துவிட வேண்டும் என்பது ரெங்கசாமியின் ஆசை. நாடா பதிவாகுமுன்பே பத்தொன்பது லயங்களுக்கும் அவர் அதைச் சொல்லிவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அவரைக் கண்டவர்கள், கொழும்புக்குப் போகிறவர் செருப்பு வாங்கியாயிற்றா என்று கேட்கலானார்கள்.

1961 மார்ச் 18, சனிக்கிழமை மாலை, இரண்டு தப்பும் ஓர் உறுமியும் பதிவாயின. பத்மநாதன் அங்கேயே போட்டுக்காட்டினார். எல்லாரும் திருப்தியடைந்தனர். நாடா கொழும்புக்குப் போயிற்று.

மே 2ஆம் தேதியிட்ட கடிதத்துடன் அது திரும்பி வந்தது. வாத்தியங்கள் சிறுவர் விளையாட்டுக் கருவிகளைப் போல் ஒலிப்பதாகவும், வாசிப்பில் பதற்றம் தெரிவதாகவும் மன்றத்தார் எழுதியிருந்தனர். விரும்பினால் மே 31க்குள் இன்னொரு நாடா அனுப்பலாம், அதற்குமேல் ஏற்பதற்கில்லை.

“சிரட்டையத் தட்டுனாப்புல இருக்குன்னு எழுதியிருக்காங்களாங்கய்யா?” என்று கேட்டார் ரெங்கசாமி.

அப்படி எழுதவில்லை என்றார் பத்மநாதன். அதற்கு மிக அண்மையாகத்தான் எழுதியிருந்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அன்று இரவு அந்த நாடாவை மறுபடி போட்டுக் கேட்டார். தப்பு தப்பாகவே ஒலித்தது. உறுமி உறுமியது. குறை எதுவும் அகப்படவில்லை.

மே 13இல் மருந்து எடுக்கப் பதுளைக்குப் போனபோது நாடாவையும் கருவியையும் அஸீஸின் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே அதை ஓட்டியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உறுமி நாய்க்குட்டியைப் போல் முனகியது. தப்பு தகரத்தைப் போல் ஒலித்தது. பத்மநாதன் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்கிற அதே பழக்கத்தில் ஒரு நிமிடம் எண்ணினார். நூற்றிருபது அடி. பதிவு நாளில் அவர் குறித்திருந்தது நூற்றெட்டு.

“மெஷினுக்கு ஒண்டுமில்ல சேர்,” என்றார் அஸீஸ். “ஒங்கட தோட்டத்துக் கரண்டு எங்கேருந்து வருது?”

தோட்டத்துக்கு மின்சாரம் ஓடையிலிருந்து வந்தது. தொழிற்சாலைக்குக் கீழே நீர் விழுந்து சுழற்றும் டர்பைன் ஒன்று இருந்தது. அதன் மிச்ச மின்சாரமே உத்தியோகத்தர் வீடுகளில் விளக்கெரித்தது. கருவியின் மோட்டார் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பவே சுற்றும். சனிக்கிழமை மாலை தொழிற்சாலையில் உருளைகள் அனைத்தும் கொழுந்தை அரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சுமையில் டர்பைன் தளர்ந்தது. நாடாவும் தளர்ந்தே ஓடியது. தளர்ந்த ஓட்டத்தில் பதிந்ததைத் தளர்ந்த ஓட்டத்திலேயே கேட்டதால் தோட்டத்தில் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நகரத்து மின்சாரத்தில் அது பத்துக்கு ஒன்பதாகச் சுருங்கி, சுருதியும் ஏறிவிட்டது.

தோட்டத்தில் துடிப்பை அளக்கும் கருவி கிடையாது. பத்மநாதன் அதற்கு ஒரு வழி கண்டார். அஸீஸின் கடையிலேயே ஒரு வெற்று நாடாவைப் பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி, நிமிடத்துக்கு ஒரு தடவையாகப் பத்து நிமிடத்துக்கு மைக்கின் அருகே தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டினார். கடைக்கு வந்தவர்கள் மருந்தாளருக்கு என்ன நேர்ந்தது என்று அஸீஸிடம் விசாரித்தனர். டீ கேட்கிறார், பத்து நிமிடமாகக் கேட்கிறார் என்றார் அஸீஸ்.

மாலையில் தோட்டம் திரும்பியதும் ரெங்கசாமியின் லயத்துக்குப் போனார்.

“உம்மட தப்புக்கு ஒரு வருத்தமும் இல்லை, ரெங்கசாமி. கரண்டுக்குத்தான் வருத்தம்.”

“அதுக்கு மருந்து இருக்குங்களாய்யா?”

“இருக்கு. சின்னராசாவைக் கூப்பிடும்.”

சின்னராசா டர்பைனைக் கவனிக்கும் தொழிலாளி. தண்ணீர் வால்வை எவ்வளவு திருப்ப வேண்டுமென்று சொன்னால் அவ்வளவு திருப்பலாம் என்றார். உருளைகள் நிற்கிற ஞாயிறு காலைதான் உகந்த நேரம். ஆனால் கொழுந்து வாட்டும் காற்றாடிகளை ஏழு மணிக்கே போட வேண்டும், அவை ஓடத் தொடங்கினால் டர்பைன் மறுபடி தளரும். அரைமணி நேரம் பொறுக்கும்படி டீமேக்கரிடம் பத்மநாதன் கேட்டார். அதே நாடாவின் கடைசியில் தம் முருகன் பாட்டு ஒன்றும் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார்.

மே 21, ஞாயிறு, காலை ஆறு மணி. கோப்பை நாடா ஓடியது. பத்மநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். முன்படியில் ரெங்கசாமி நின்றார். அங்கிருந்து தொழிற்சாலை வரை ஆள்மாற்றி ஆளாகச் செய்தியைக் கூவிக் கொண்டுசேர்க்க நால்வர் இடையிடையே நின்றனர். இரண்டு தட்டுகளுக்கிடையே ஐம்பத்தேழு விநாடியே இருந்தது; சுமையற்ற டர்பைன் இப்போது விரைந்து ஓடியது. “கொறைக்கச் சொல்றாங்க!” என்று குரல் இறங்கிப் போயிற்று. அடுத்தது அறுபத்து மூன்று. “அம்புட்டு வேணாமாம், கொஞ்சமா கூட்டு!” ஏழாவது தட்டில், அஸீஸின் கடையில் தட்டியபடியே, சரியாக அறுபது வந்தது. எட்டாவதிலும் அறுபது. கையை எடுத்துவிட்டு வால்வுக்குப் பக்கத்திலேயே உட்காரும்படி சின்னராசாவுக்குச் சொல்லப்பட்டது.

தப்புகளை அடுப்பில் காய்ச்சினார்கள். லீலாதேவி ஈர விறகை நீக்கிக் காய்ந்த சுள்ளியை வைத்தார். ரெங்கசாமி விரல் நுனியால் தோலைச் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு போதும் என்றார். ஆறு முப்பத்தைந்துக்குத் தொடங்கிய வாசிப்பு பதினோரு நிமிடத்தில் முடிந்தது. டீமேக்கரின் பாட்டு மூன்றரை நிமிடம். ஏழரைக்குக் காற்றாடிகள் சுழலத் தொடங்கின.

மறுநாள் கருவியையும் நாடாவையும் பத்மநாதன் பதுளைக்கு எடுத்துச் சென்றார். இம்முறை ரெங்கசாமியும் கூடப் போனார். அஸீஸின் கடையில் தப்பு ஒலித்தபோது அவர் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார்.

“நாந்தாங்க இது,” என்றார்.

நாடா அன்றைய தபாலிலேயே போயிற்று. ஜூன் 12ஆம் தேதிக் கடிதத்தில் மன்றத்தார் தப்புக் குழுவுக்கு மேடையில் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தனர். நாடாவின் இறுதியில் வரும் பக்திப் பாடகருக்கு இவ்வாண்டு இடமில்லை என்று வருந்தியிருந்தனர். கடிதத்தின் அந்தப் பகுதியை டீமேக்கருக்கு யார் படித்துக்காட்டுவது என்பதில் சிறிது தயக்கம் இருந்தது. லீலாதேவி படித்துக்காட்டினார். இவ்வாண்டு என்றால் அடுத்த ஆண்டு உண்டு என்று டீமேக்கர் பொருள் கொண்டார்.

ரெங்கசாமியும் குழுவின் மற்ற இருவரும் ஜூலை 14, வெள்ளிக்கிழமை இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குப் புறப்பட்டனர். வழியனுப்பத் தோட்டத்திலிருந்து இரண்டு லொறிகளில் ஆட்கள் பதுளைக்கு வந்திருந்தனர். பத்மநாதனின் குறிப்பேட்டின்படி, அந்த ரயிலுக்காக விற்கப்பட்ட பிளாட்பாரச் சீட்டுகள்: 143.