வெள்ளைக்காரரை இறக்கிவிட்டவர்

கல்முனையிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸில், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் என் பக்கத்தில் இருந்தார். யாருக்கும் தெரியாத ஆங்கிலச் சொற்களை உலகுக்கு வழங்குவது அவருடைய சேவை என்பது பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

முன் சீட்டு வெள்ளைக்காரர் திரும்பி, அறுகம்பேக்கு எங்கே இறங்குவது என்று கேட்டார்.

"டோன்ட் வொறி, ஐ வில் டிஃபெனஸ்ட்ரேட் யூ" என்றார் பெரியவர் கனிவோடு.

வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது.

"அப்படியென்டா என்ன சேர்?" என்று நான் கேட்டேன்.

"பத்திரமா இறக்கி உடுறது மனே. படிச்சாக்கள் பாவிக்கிற சொல்."

போனில் தேடினேன். 'ஜன்னல் வழியாகத் தூக்கி எறிதல்' என்றிருந்தது. அதற்குள் வெள்ளைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலிலேயே இறங்கி ஓடிவிட்டார்.

"பாவம், அந்தாளுக்கு இங்கிலீஷ் காணாது" என்றார் பெரியவர்.

அவர் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத இரக்கம். நான் போனை மெல்லப் பைக்குள் வைத்தேன்.